ஒரே பெரிய வெப்சைட்டா, பல குட்டி வெப்சைட்டா? 'நீஷ்' தளம் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

'ஒரு வெப்சைட் ஆரம்பிங்க, தூங்கும்போதும் காசு வரும்' என்று சொல்லும் வீடியோக்களை யூடியூபில் பார்க்காதவர்கள் குறைவு. அதில் பல வீடியோக்கள் காட்டும் வழி ஒன்றுதான். ஒரு பெரிய தலைப்பை எடுத்துக்கோங்க, அதைச் சின்னச் சின்னதா உடைங்க, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வெப்சைட் கட்டுங்க!

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி கோர்ஸுக்குப் பணம் கட்டி, நாலைந்து டொமைன் வாங்கி, வேலை முடிந்து வந்த பிறகு ராத்திரி உட்கார்ந்து எழுதுபவர்கள் இழப்பது பணத்தை மட்டும் அல்ல, ஒன்றிரண்டு வருட உழைப்பையும்தான். அப்போ இந்த முறையே பொய்யா? இல்லை. உலகின் பெரிய டிஜிட்டல் நிறுவனங்களே இதைச் செய்து ஜெயித்திருக்கின்றன. ஆனால் எப்போது பிரிப்பது, எப்போது சேர்த்தே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விரிவாகப் பார்க்கலாம்.

'நீஷ்' வெப்சைட் என்றால் என்ன?

எல்லாவற்றையும் பற்றி எழுதாமல், குறிப்பிட்ட ஒரு சின்னத் துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஆழமாக எழுதும் தளம்தான் நீஷ் வெப்சைட். 'விவசாயம்' என்பது பெரிய தலைப்பு. 'மாடித்தோட்டம்' அதற்குள் ஒரு நீஷ். 'மாடியில் தொட்டியில் தக்காளி வளர்ப்பு' என்பது அதற்குள்ளும் ஒரு குட்டி நீஷ்.

பலசரக்குக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. பலசரக்குக் கடையிலும் சுக்கு, திப்பிலி கிடைக்கும். ஆனால் 'எதை எவ்வளவு போடணும்' என்று கேட்க வேண்டுமென்றால் ஜனங்கள் நாட்டு மருந்துக் கடைக்குத்தான் போவார்கள்.

இந்தச் சின்னச் சின்னத் தேவைகளுக்கும் இணையத்தில் பெரிய சந்தை உண்டு என்று 2004-ம் ஆண்டிலேயே 'லாங் டெயில்' என்ற பெயரில் எழுதினார் 'வயர்டு' இதழின் அப்போதைய ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன். கடையில் அலமாரி இடம் குறைவு என்பதால் அதிகம் விற்கும் பொருளை மட்டும்தான் வைக்க முடியும். இணையத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் கொஞ்சம் பேருக்கு மட்டும் வேண்டிய பொருளுக்கும் ஆள் வரும். அப்படிப்பட்ட பொருட்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் கணக்கு பெரிசாகும் என்பதுதான் அவர் வாதம்.

பிரித்து ஜெயித்த கதை: அபவுட்.காம்

இந்த முறைக்குச் சரியான உதாரணம் அமெரிக்காவின் அபவுட்.காம். ஸ்காட் கர்னிட் என்பவர் 'தி மைனிங் கம்பெனி' என்ற பெயரில் இதைத் தொடங்கினார். 1997-ல் தளம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1999-ல் அபவுட்.காம் என்று பெயர் மாறியது. வேதியியல், சமையல், செல்லப்பிராணி என்று நூற்றுக்கணக்கான தலைப்புகள். ஒவ்வொரு தலைப்புக்கும் 'கைடு' என்று ஒருவர் பொறுப்பு. எல்லாமே ஒரே பெயரின் கீழ் இருந்தன.

2005-ல் 'நியூயார்க் டைம்ஸ்' நிறுவனம் இதை 410 மில்லியன் டாலருக்கு வாங்கியது. ஆனால் 2011-ல் கூகுள் 'பாண்டா' என்ற அப்டேட்டைக் கொண்டுவந்தது. தரம் குறைந்த, மேலோட்டமான பக்கங்களைத் தேடலில் கீழே தள்ளுவதுதான் அதன் வேலை. தேடலை நம்பியிருந்த அபவுட் தளத்தின் வருமானமும் சரிந்தது. 2012-ல் ஐஏசி நிறுவனத்துக்கு 300 மில்லியன் டாலருக்குக் கைமாறியது. அதாவது வாங்கிய விலையை விட 110 மில்லியன் டாலர் குறைவு!

2013-ல் நீல் வோகல் தலைமை நிர்வாகி ஆனார். அதன் பிறகுதான் பெரிய முடிவு எடுக்கப்பட்டது. அபவுட்.காம் என்ற பெயரையே கைவிட்டு, உள்ளே இருந்த விஷயங்களைத் துறை வாரியாகத் தனித்தனி வெப்சைட்டுகளாகப் பிரித்தார்கள்.

* 2016: உடல்நலத்துக்கு 'வெரிவெல்', டெக்னாலஜிக்கு 'லைஃப்வயர்', தனிநபர் நிதிக்கு 'தி பேலன்ஸ்'
* 2017: வீடு பராமரிப்புக்கு 'தி ஸ்ப்ரூஸ்', கல்விக்கு 'தாட்கோ', பயணத்துக்கு 'ட்ரிப்சாவி'

2017 மே மாதம் நிறுவனத்தின் பெயர் 'டாட்டேஷ்' ஆனது. மோர்ஸ் குறியீட்டில் ஒரு புள்ளியும் ஒரு கோடும் சேர்ந்தால் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து. பழைய பெயரின் முதல் எழுத்து மட்டும் இப்படி மிஞ்சியது.

அதோடு நிற்கவில்லை. 'தி ஸ்ப்ரூஸ்' வளர்ந்ததும் அதிலிருந்து சமையலுக்கு 'தி ஸ்ப்ரூஸ் ஈட்ஸ்', செல்லப்பிராணிகளுக்கு 'தி ஸ்ப்ரூஸ் பெட்ஸ்' என்று கிளைகள் வந்தன. வெரிவெல்லும் உடல்நலம், மனநலம், குடும்பம் என்று பிரிந்தது. 2021-ல் இதே நிறுவனம் 'பீப்பிள்' இதழை வைத்திருந்த மெரிடித் நிறுவனத்தையே சுமார் 2.7 பில்லியன் டாலருக்கு வாங்கியது. 2025-ல் நிறுவனத்தின் பெயர் 'பீப்பிள் இங்க்' என்று மாறியது.

ஏன் பிரித்ததும் வேலை செய்தது?

காரணம் 1, நம்பிக்கை. சர்க்கரை நோய் பற்றித் தேடுபவர், ஒரே தளத்தில் நாய்க்குட்டி வளர்ப்பையும் வீட்டுக் கடனையும் பார்த்தால் 'இவங்களுக்கு மருத்துவம் தெரியுமா' என்றுதான் யோசிப்பார். உடல்நலம் மட்டும் எழுதும், டாக்டர்கள் சரிபார்க்கும் தளம் என்றால் நம்பிக்கை வேறு.

காரணம் 2, விளம்பரம். மருந்து கம்பெனிக்கு உடல்நல வாசகர் வேண்டும். பெயிண்ட் கம்பெனிக்கு வீடு கட்டுபவர் வேண்டும். தளம் தெளிவாக இருந்தால் விளம்பரம் தருபவருக்கும் முடிவெடுப்பது சுலபம்.

காரணம் 3, சுத்தம் செய்தல். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிரிக்கும்போது பழைய, காலாவதியான கட்டுரைகளை நீக்கினார்கள், மற்றவற்றைத் திருத்தினார்கள், தளத்தின் வேகத்தைக் கூட்டினார்கள், விளம்பர நெரிசலைக் குறைத்தார்கள். வெறும் டொமைன் பெயரை மட்டும் மாற்றி ஜெயிக்கவில்லை.

முக்கியமான இன்னொன்று: அவர்கள் பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கவில்லை. பிரிப்பதற்கு முன்பே ஏறத்தாழ 20 வருடக் கட்டுரைகளும் வாசகர்களும் கையில் இருந்தார்கள்.

சேர்த்து ஜெயித்த கதை: வயர்கட்டர்

இங்கதான் ட்விஸ்ட். இதற்கு நேர் எதிராகச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

'கிஸ்மோடோ' தளத்தின் முன்னாள் ஆசிரியர் பிரையன் லாம் 2011-ல் 'வயர்கட்டர்' தளத்தைத் தொடங்கினார். எலக்ட்ரானிக் பொருட்களைச் சோதித்துப் பார்த்து 'இதை வாங்கலாம்' என்று பரிந்துரைப்பதுதான் வேலை. பிறகு வீட்டு உபயோகப் பொருட்களுக்கு 'தி ஸ்வீட்ஹோம்' என்று தனித் தளம் வந்தது. 2016-ல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் இரண்டையும் சுமார் 30 மில்லியன் டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே ஸ்வீட்ஹோமை வயர்கட்டருக்குள் சேர்த்துவிட்டார்கள்.

ஏன்? ஹெட்ஃபோன் வாங்குபவருக்கும் மிக்ஸி வாங்குபவருக்கும் தேவை ஒன்றுதான்: 'எதை வாங்கலாம்?' இங்கே மையக் கரு பொருள் அல்ல, சோதித்துச் சொல்லும் முறை. அதனால் ஒரே பெயர் போதும்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'தலைப்பு எவ்வளவு பெரிசு' என்பது அல்ல. 'வருபவர் ஒரே ஆளா, வேறு வேறு ஆளா' என்பதுதான். ஒரே ஆள் என்றால் சேர்த்து வைக்கலாம். வேறு ஆட்கள் என்றால் பிரிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

முதலில் ஆள் இருக்கா பார்: ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் பாடம்

புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' 2008-ல் தொடங்கப்பட்டது. 2009-ல் சர்வர் நிர்வாகிகளுக்கு 'சர்வர் ஃபால்ட்', சாதாரண கம்ப்யூட்டர் பயனாளர்களுக்கு 'சூப்பர் யூசர்' என்று தங்கைத் தளங்கள் வந்தன. இன்று கணிதம், சமையல், பயணம் என்று இந்தக் குடும்பத்தில் 170-க்கும் மேற்பட்ட தளங்கள்.

புதுத் தளம் எதையும் இவர்கள் சும்மா திறந்துவிடவில்லை. 'ஏரியா 51' என்ற பக்கத்தில் முதலில் யோசனையை வைக்க வேண்டும். எந்தக் கேள்விகள் இதில் வரும் என்று உதாரணம் காட்ட வேண்டும். பிறகு 'நான் பங்கேற்கிறேன்' என்று போதுமான பேர் உறுதி தர வேண்டும். அதன் பிறகுதான் சோதனை ஓட்டம். ஆள் சேரவில்லை என்றால் தளமே கிடையாது.

தனி ஆளுக்கும் இதே பாடம்தான். டொமைன் வாங்கும் முன், அந்தத் தலைப்பில் மனிதர்கள் கேட்கும் 50 கேள்விகளை எழுத முடிகிறதா என்று பாருங்கள். 20-லேயே நின்றுவிட்டால் அது தனித் தளத்துக்கான தலைப்பு அல்ல, இன்னொரு தளத்தின் ஒரு பகுதி.

தளத்தை அமைக்க 3 வழிகள்

1. ஃபோல்டர் முறை: உதாரணம்.காம்/தக்காளி, உதாரணம்.காம்/கீரை என்று ஒரே தளத்துக்குள் பிரிப்பது. ஒரே டொமைன், ஒரே ஹோஸ்டிங், ஒரே பராமரிப்பு. ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் நல்ல பெயர் முழுத் தளத்துக்கும் உதவும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் சரி.

2. சப்டொமைன் முறை: தக்காளி.உதாரணம்.காம் என்று வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் தொழில்நுட்ப ரீதியில் கிட்டத்தட்ட தனித் தளம். பகுதிக்குப் பகுதி வேறு டீம், வேறு மொழி, வேறு சாஃப்ட்வேர் என்றால் இது வசதி. ஃபோல்டர், சப்டொமைன் இரண்டில் எது வைத்தாலும் சரிதான் என்பது கூகுள் தரப்பின் நிலைப்பாடு.

3. தனி டொமைன் முறை: ஒவ்வொரு துறைக்கும் வேறு வேறு பெயர். டாட்டேஷ் செய்தது இதுதான். வாசகர் நம்பிக்கை, விளம்பரம், பின்னாளில் ஒரு தளத்தை மட்டும் தனியாக விற்பது ஆகியவற்றுக்கு வசதி. ஆனால் ஒவ்வொரு தளத்தையும் முதலில் இருந்து வளர்க்க வேண்டும். டொமைனை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். முதல் ஆண்டு சலுகை விலையில் கிடைப்பது, அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு சின்ன கணக்கு

வாரத்துக்கு 5 நல்ல கட்டுரை எழுதும் ஒருவர், வருடத்துக்கு 260 கட்டுரை எழுதலாம். ஒரே தளத்தில் போட்டால் அது ஒரு உருப்படியான தளம். அதையே 5 தளங்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 52 கட்டுரைதான். 5 தளங்களுக்கும் சாஃப்ட்வேர் அப்டேட், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தைக் கழித்தால் 52 கூட வராது.

'5 தளம் வெச்சா ஒண்ணாவது ஜெயிக்கும்' என்பது பலர் சொல்லும் லாஜிக். ஐந்தும் அரைகுறையாக நிற்பதுதான் அதிகம் நடக்கக்கூடியது.

மையப் பக்கம்... சுற்றிலும் கிளைப் பக்கங்கள்

ஒரே தளத்துக்குள்ளேயே நீஷ் அமைப்பைக் கொண்டுவர ஒரு முறை இருக்கிறது. 'டாபிக் கிளஸ்டர்' என்று பெயர். ஹப்ஸ்பாட் நிறுவனம் இதைப் பிரபலப்படுத்தியது. நடுவில் ஒரு பெரிய மையப் பக்கம், சுற்றிலும் அதன் ஒவ்வொரு பகுதியையும் ஆழமாகச் சொல்லும் கிளைப் பக்கங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று லிங்க் ஆகியிருக்க வேண்டும்.

மாடித்தோட்டத்தை எடுத்துக்கொண்டால் இப்படி அமைக்கலாம்.

* மையப் பக்கம்: மாடித்தோட்டம் தொடங்குவது எப்படி?
* கிளை 1: மண்கலவை. செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு எந்த அளவில்?
* கிளை 2: தொட்டியா, வளர்ப்புப் பையா? மாடித் தளம் எவ்வளவு எடை தாங்கும்?
* கிளை 3: ஆடிப்பட்டத்தில் என்ன விதைக்கலாம், தைப்பட்டத்தில் என்ன?
* கிளை 4: மாவுப்பூச்சி வந்தால் என்ன செய்வது? வேப்பெண்ணெய்க் கரைசலை எப்படிக் கலப்பது?
* கிளை 5: தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை என்று செடி வாரியாக

மாவுப்பூச்சிக்காக வந்தவர் அங்கிருந்து மண்கலவைக்குப் போவார். மண்கலவைக்காக வந்தவர் மையப் பக்கத்துக்குப் போவார். தளத்தில் எந்தப் பக்கம் எதனுடன் சேர்ந்தது என்று கூகுளுக்கும் இந்த லிங்க்குகள் மூலம் புரியும்.

எப்போது பிரிக்கலாம்?

கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில், எந்த வார்த்தையைத் தேடி மக்கள் வந்தார்கள் என்று 16 மாதம் வரைக்கும் பார்க்கலாம். அதை வைத்துக்கொண்டு கீழே உள்ள 4 கேள்விகளைக் கேளுங்கள்.

* ஒரு கிளைக்கு வருபவர்கள், மற்ற கிளைகளைப் பார்க்காமலேயே போகிறார்களா?
* அந்தக் கிளைக்கு மட்டும் விளம்பரமோ வருமானமோ தனியாக வருகிறதா?
* அதை மட்டும் பார்த்துக்கொள்ள விஷயம் தெரிந்த ஒரு ஆள் இருக்கிறாரா?
* அதைப் பிரித்து எடுத்தால், மீதித் தளம் பாதிக்கப்படாமல் நிற்குமா?

நாலுக்கும் 'ஆமாம்' என்றால் பிரிக்கலாம். பிரிக்கும்போது பழைய முகவரியில் இருந்து புது முகவரிக்கு நிரந்தர ரீடைரக்ட் கொடுப்பது கட்டாயம். இல்லையென்றால் அந்தப் பக்கங்கள் இத்தனை நாள் சேர்த்த மதிப்பு போய்விடும்.

கூகுள் எதை ஸ்பேம் என்கிறது?

பல தளம் வைப்பதே தவறு என்று கூகுள் சொல்லவில்லை. ஆனால் பெயரையும் முகப்பையும் மட்டும் லேசாக மாற்றி, ஒரே தேடலைப் பிடிக்கப் பல தளங்களை வைப்பதை 'டோர்வே' மோசடி என்று அதன் விதிகள் சொல்கின்றன. ஒரே கட்டுரையை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி 30 பக்கமாகப் போடுவதும் இதே கணக்குதான்.

2022 ஆகஸ்டில் 'ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்' அப்டேட் வந்தது. மனிதர்களுக்காக இல்லாமல் தேடலுக்காகவே எழுதப்பட்டவற்றை இது குறிவைத்தது. 2024 மார்ச்சில் இன்னும் 3 விதிகள் சேர்ந்தன.

* மொத்த மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பயனற்ற கட்டுரைகள். ஏஐ எழுதினாலும் சரி, மனிதர் எழுதினாலும் சரி!
* காலாவதியான பழைய டொமைனை வாங்கி, அதன் நல்ல பெயரை வைத்துச் சம்பந்தமில்லாத விஷயத்தைப் போடுவது
* பெயர் பெற்ற தளத்தில் வெளியாட்கள் இடம் பிடித்து, தேடலுக்காகவே எழுதுவது

நீஷ் வெப்சைட் கோர்ஸ்கள் சிலவற்றில் 'ரகசிய டிப்ஸ்' என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கவனம்!

வருமானம் எப்படி வரும்?

விளம்பரம்: கூகுள் ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில் இருந்து தமிழ்த் தளங்களுக்கும் கிடைக்கிறது. விளம்பரதாரர் கொடுக்கும் தொகையில் சுமார் 68 சதவீதம் தள உரிமையாளருக்கு வரும். ஆனால் டாலர் கணக்கில் 100 சேர்ந்த பிறகுதான் பணம் கைக்கு வரும். 5 தளத்தில் 5 வழிகளில் யோசிப்பதற்கு முன், ஒரு தளத்தில் அந்த 100 டாலர் எத்தனை மாதத்தில் சேர்கிறது என்று பார்ப்பது நல்லது.

அஃபிலியேட்: உங்கள் லிங்க் வழியாகப் பொருள் வாங்கினால் கமிஷன். இதில் இருக்கும் ஆபத்துக்கு ஒரு உதாரணம்: 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் கமிஷனைக் குறைத்தது. ஃபர்னிச்சர், வீட்டுப் பராமரிப்பு, தோட்டப் பொருட்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 சதவீதமானது. மளிகைக்கு 5-ல் இருந்து 1 சதவீதம். அந்தப் பொருட்களை மட்டுமே நம்பிய தளங்களுக்கு, அதே எண்ணிக்கையில் வாசகர்கள் வந்தும் கமிஷன் பாதிக்கும் கீழே போனது.

நீஷ் எவ்வளவு சின்னதோ, அவ்வளவுக்கு வருமானம் ஒரே இடத்தில் தொங்கும் என்பதுதான் இதில் உள்ள பாடம்.

ஏஐ வந்த பிறகும் இது செல்லுமா?

2024 ஆகஸ்டில் கூகுளின் 'ஏஐ ஓவர்வியூ' இந்தியாவுக்கு வந்தது. கேள்விக்கான பதில் தேடல் பக்கத்தின் மேலேயே கிடைத்துவிட்டால், கீழே உள்ள லிங்க்கை எதற்குத் தட்டப் போகிறார்கள்? 'ஆடிப்பட்டம் எந்த மாதம்' மாதிரி ஒற்றை வரி பதில் உள்ள கட்டுரைகளுக்கு இதனால் அடி விழும்.

ஆனால் மூன்று மாதம் தக்காளி வளர்த்து, வாரா வாரம் படம் எடுத்து, எந்த வாரத்தில் இலை சுருண்டது, என்ன தெளித்ததும் சரியானது என்று எழுதும் பக்கத்தை ஏஐ தானாக உருவாக்க முடியாது. கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் 'நேரடி அனுபவம்' என்பதையும் ஒரு அளவுகோலாகச் சேர்த்தது இதற்காகத்தான் பொருந்துகிறது. உடல்நலம், பணம் போன்ற விஷயங்களில் தவறான தகவல் ஆளையே பாதிக்கும் என்பதால் அங்கே எதிர்பார்ப்பு இன்னும் அதிகம். படித்துத் தேர்ந்தவர்கள் துணை இல்லாமல் அந்தத் துறைகளில் கால் வைக்காமல் இருப்பதே நல்லது.

சுருக்கமாகச் சொன்னால்...

* பெரிய தலைப்பை மனதில் வையுங்கள், அதன் ஒரு சின்னப் பகுதியில் இருந்து தொடங்குங்கள்
* ஒரே டொமைன், ஃபோல்டர் முறை, மையப் பக்கம் + கிளைப் பக்கங்கள்
* 50 கேள்வி எழுத முடிந்தால் மட்டும் தொடங்குங்கள்
* வாசகர்கள் வேறு வேறு ஆட்கள் என்று டேட்டா காட்டிய பிறகு பிரியுங்கள்
* வருமானத்துக்கு ஒரே வழியை நம்பாதீர்கள்

அபவுட்.காம் பிரிந்தது தொடங்கி ஏறத்தாழ 20 வருடம் கழித்துத்தான். 'முதல் மாசமே 5 வெப்சைட் ஆரம்பிங்க' என்று யாராவது கோர்ஸ் விற்றால், பணம் கட்டும் முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்க வருமானம் வெப்சைட்ல இருந்து வருதா, இந்த கோர்ஸ்ல இருந்து வருதா?'